சிரிப்புக்கு விட்ட இடம்

முதல் படத்தில் ஓதகர் ப்ளாஹா
ஏணியிலிருந்து நாற்பத்தோரு முறை விழுந்தார்.
அவர் விழ விழ
ஓஸ்ட்ராவா நகரமே விழுந்து விழுந்து சிரித்தது.
சுரங்கத்தில் இரவு ஷிப்ட் முடித்து
இமையில் கரியோடு வந்தவர்கள் சிரித்தார்கள்.
பல்செட்டைக் கழற்றிச் சட்டைப்பையில் பத்திரப்படுத்திவிட்டு
நிதானமாகச் சிரித்தாராம் ஒருவர்.
டிக்கெட் கிழிப்பவர் சொன்னது.

நான் அந்தப் படத்தின் தொகுப்பாளர்.
விழுவது அவர் வேலை.
விழுந்தபின் எவ்வளவு நேரம் சும்மா இருப்பது என்பது
என் வேலை.

சுண்ணாம்பு வாளி தலையில் கவிழ்ந்ததும் வெட்டினால்
அடுத்த வசனத்தைச் சிரிப்பு தின்றுவிடும்.
அதனால் அவர் முகத்தில் ஒன்றரை நொடி,
மூக்கு நுனியில் திரண்டு நிற்கும் சொட்டில்
இன்னும் அரை நொடி.
அந்த இரண்டு நொடியில் படம் எதுவும் செய்வதில்லை.
இலை போட்டுவிட்டு
விருந்தாளிக்குக் காத்திருக்கிறது.

பதினாறு வருடம் கழித்து
‘ஏணி: பாகம் இரண்டு’.

ஓதகருக்கு அறுபத்து மூன்று வயது.
இடுப்பில் ஒரு எஃகுத் துண்டு.
யாரோ ஒரு பையன் விழுந்தான்,
அவன் கழுத்தில் இவர் தலையைக்
கணினியில் ஒட்டினார்கள்.
ஏணிமேல் ஏணி, அதன்மேல் ஒரு மாடு,
கீழே ஏழடுக்குக் கல்யாண கேக்,
தீயணைப்பு வண்டி இரண்டு.
“மூணு நொடி விடு, ஹெடா.
ஜனம் அடங்காது” என்றார்
தயாரிப்பாளர் ராதிம்.
விட்டேன்.

முதல் காட்சி, வெள்ளி இரவு.
முதல் வாளி கவிழ்ந்தது.
மூன்று நொடி.

வெந்நீர்க் குழாய் டிக் டிக் என்றது.
யாரோ கோட்டுப் பித்தானைப் போட்டார்கள்.
இரண்டாவது வாளி.
ஒரு இருமல்.
மாடு.
மூன்று நொடி என்பது அவ்வளவு நீளம் என்று
அதுவரை எனக்குத் தெரியாது.

நூற்றுப் பன்னிரண்டு இடங்கள்.
வெட்டி வைத்தவளும் நான்,
கடைசி வரிசையில் உட்கார்ந்து எண்ணியவளும் நான்.
முன்வரிசையில் ஓதகரின் காதுகள்
பின்பக்கத்திலிருந்து தெரிந்தன.
நாற்பதுக்கு மேல் அவற்றைப் பார்க்கவில்லை.

விழுந்தது படம் மட்டும்தான்.
ஒரு நாளிதழ் “மாடு இயல்பாக நடித்திருக்கிறது” என்றது.
இன்னொன்று அரை நட்சத்திரம் கொடுத்தது,
எந்தப் பாதிக்கு என்று எழுதவில்லை.
வானொலியில் முக்கால்வாசி நேரம்
அரங்கத்தில் வண்டி நிறுத்த இடமில்லாததைப் பேசினார்கள்.
எதிர்க்கடை ரொட்டிக்காரருக்கு
கேக் வீணானதுதான் வருத்தம்.
அது ரப்பர் என்று நான் சொல்லவில்லை.

மூன்றாம் வாரம், செவ்வாய்ப் பகல்.
மறந்து வைத்த குடையை எடுக்கத்தான் போனேன்.
ஒன்பது பேர்.
நடுவில் ஒரு டிராம் ஓட்டுநர், சீருடையோடு,
மடியில் சூப் பிளாஸ்க்.

கடைசிச் சுருளில் ஒரு சின்ன ஷாட்.
கிரேன் வரத் தாமதமான மதியம்
கேமரா ஓடிக்கொண்டிருந்தது யாருக்கும் தெரியாது.
ஓதகர் ஏணியின் கீழ்ப்படியில் உட்காரப் போகிறார்.
முதுகுக்குப் பின்னால் கையை விட்டுப் படியைத் தேடுகிறார்.
கை காற்றைப் பிடிக்கிறது.
மறுபடி. காற்று.
திரும்பி, ஏணியை ஒரு பார்வை பார்க்கிறார்,
நாற்பது வருடச் சம்சாரத்தைப் பார்ப்பதுபோல்.
இடம் நிரப்பத்தான் சேர்த்திருந்தேன்.

அந்தப் பெண் சிரித்தாள்.
சூப் மூக்கில் ஏறி, புரையேறி,
தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தாள்.
அவளைப் பார்த்து இன்னும் நாலு பேர்.
அடுத்த வசனம் யாருக்கும் கேட்கவில்லை.
அடுத்ததும் போயிற்று.
அங்கே நான்
அரை நொடிகூட விட்டிருக்கவில்லை.

வெளியே வந்து ஓதகரை அழைத்தேன்.
எந்த இடம் என்று கேட்டார். சொன்னேன்.
மறுமுனை பேசவில்லை.
பழக்கதோஷம், எண்ணினேன்.
நாலு. ஐந்து.

“அது நடிப்பில்லையே, ஹெடா.
கடைசியில் உட்கார்ந்துவிட்டேனா?”

உட்கார்ந்தீர்கள் என்றேன்.

குடையை
மறுபடி உள்ளேயே விட்டுவிட்டு வந்திருந்தேன்.