அடைத்த கட்டு

இரவு ஒன்பதேகாலுக்கு யாங்கோனில் கரண்ட் போனது.
ஒன்பது இருபதுக்குப் படம் வந்தது.
ஒரு விரல், ஒரு மோதிரம், ஒரு சிவப்பு.
கீழே, 'அக்கா, இது கெம்பா? என்ன பெறும்?'

பழகிய கேள்விதான்.
மொகல் தெருவில் மூன்றாம் மாடி, ஜன்னலோரம் ஒரு மேஜை,
பத்து மடங்கு பெரிதாக்கும் கண்ணாடி.
அதைப் படத்தின் மேல் வைத்தால்
கல் தெரியாது,
புள்ளி புள்ளியாய்ப் போன்தான் தெரியும்.

இருந்தாலும் பார்த்தேன்.
டியூப்லைட்டில் எடுத்த படம்.
டியூப்லைட்டில் கெம்பு சோம்பேறி,
வெயில் பட்டால்தான் கனலும்.
இதுவோ உச்சிவெயில் போல எரிகிறது.
கல் பொய் சொல்கிறது, அல்லது போன்.
இந்தக் காலத்துப் போன்கள்
கேட்காமலே எல்லாரையும்
கொஞ்சம் சிவப்பாக்கிவிடுகின்றன.

மாணிக்கமாக இருக்கலாம். உள்ளே பட்டிழை ஓடினால்
மொகோக் மண் என்று வாய் திறக்கலாம்.
ஸ்பைனலாக இருக்கலாம். மலையில் அதற்கு
மட்டம் என்று பேர் வைத்தவர்கள்
இப்போது தேடித் தேடி வாங்குகிறார்கள்.
சுவாலையில் ஒரு பிற்பகலுக்குள் வளர்ந்த
தொழிற்சாலைக் கல்லாகவும் இருக்கலாம்.
நூறு வருஷமாய் அதுவும் நம் விரல்களில் கிடக்கிறது,
அதற்கும் பரம்பரை வந்துவிட்டது.
கண்ணாடியாகவும்.

'நாற்பதாயிரம் கியாட்டிலிருந்து
நாலு கோடி வரை' என்று எழுதினேன்.
சிரிக்கும் பொம்மை ஒன்றை அனுப்பினார்.
பேர் லூர்துராஜ். தன்லினில்
லாரி ரேடியேட்டர்களுக்கு ஓட்டை அடைப்பவர்.

பின்பக்கம் காட்டுங்கள் என்றேன்.
அடைத்த கட்டாக இருந்தால்
கல்லுக்கு அடியில் தகடு வைத்திருப்பார்கள்.
ஒரு சிவப்புத் தகடு போதும்,
வெளிறிய கல்லும் கல்யாணத்துக்குப் போய்வரும்.

'கழற்ற முடியலை அக்கா.'
சோப்பு?
'போட்டாச்சு.'
நூல் சுற்றி இழுத்தீர்களா?
'அதுவும். எண்ணெயும்.'

அப்போதுதான் கல்லை விட்டு
மற்றதைப் பெரிதாக்கினேன்.
இடுப்பில் இறுக்கிக் கட்டிய சாக்கு போல
மோதிரத்தின் இருபுறமும் பிதுங்கிய விரல்.
மணிக்கட்டுக்கு மேலே பிளாஸ்டர்,
அதன் ஓரத்தில் கயிறாய்ப் புடைத்த நரம்பு.
இருபத்தெட்டு வருஷமாய்
ஆயிரம் கைகளாவது என்னிடம் வந்திருக்கும்.
ஒன்றுகூட ஞாபகமில்லை.

'யார் கை?'

'என் கைதான். டயாலிசிஸ் கை.
மோதிரத்தை வெட்டணும்னு நர்ஸ் சொல்றாங்க.
நாளைக்குச் சொல்றேன்னு வந்துட்டேன்.
கண்ணாடின்னா வெட்டட்டும்.
கெம்புன்னா'

அதற்குப் பிறகு திரையில்
மூன்று புள்ளிகள் வெகுநேரம் துடித்தன.
நின்றன.
என் நாற்பதாயிரத்துக்கும் நாலு கோடிக்கும் நடுவே
ஒரு விரல் காத்துக்கொண்டிருந்திருக்கிறது.

எழுதினேன்.
வெட்டினால் கல்லுக்கு ஒன்றும் ஆகாது.
உள்ளங்கைப் பக்கமாய் வெட்டச் சொல்லுங்கள்,
முத்திரை இருந்தால் அதைத் தள்ளி.
தங்கம் மறுபடி ஒட்டும்.
இன்றைக்கே போங்கள்.
விரலைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை.

பதில் இல்லை.
பன்னிரண்டு மணிக்குக் கரண்ட் வந்து
மேஜைமேல் இருந்த ரசீதுகளை
மின்விசிறி அறை முழுக்க இறைத்தது.
பொறுக்கி அடுக்கிவிட்டுப் படுத்தேன்.

காலையில் இரண்டாவது படம்.
எவர்சில்வர் தட்டில் மோதிரம்,
வாய் பிளந்து, குப்புறக் கிடக்கிறது.
அடைத்த கட்டுதான்.
அளவு தெரிய ஏதாவது பக்கத்தில் வையுங்கள் என்று
எல்லாரிடமும் சொல்வேன், இவரிடமும் சொல்லியிருப்பேன்.
ஒரு சோற்றுப் பருக்கை வைத்திருந்தார்.
ஆஸ்பத்திரிச் சோறாக இருக்கும்.
போன் குழம்பிப்போய்
பருக்கையைப் பிடித்துக்கொண்டது.
மோதிரம் ஒரே கலங்கல்.
பருக்கை மட்டும், ஒரு முனை முறிந்து,
ஒரு பக்கம் ஈரம் மினுங்க,
அவ்வளவு துல்லியம்.

'இப்ப சொல்லுங்க அக்கா.'

நல்ல நீரோட்டம் என்று
யாருக்கும் கேட்காமல் சொன்னேன்.
பிறகு, வெயிலில் வைத்து இன்னொன்று எடுங்கள் என்றேன்,
கை எப்படி இருக்கிறது,
அதையும் சேர்த்து.