சான்றளிப்பவர்

"நீங்கள் கண்டறிந்த இடைவெளி ஒன்றை விவரிக்கவும்.
இருநூறு சொற்களுக்கு மிகாமல்."

பெர்கனில் மழை. சான்றிதழ் விண்ணப்பத்தின்
நாலாம் பக்கத்திலேயே நிற்கிறேன்.

எழுதியது:
மருத்துவமனை. பிப்ரவரி. ஒத்திகை அல்ல, நிஜ மின்தடை.
டீசல் ஜெனரேட்டர் இரண்டு முறை இருமிவிட்டு நின்றது.
அவசர அழைப்புப் பட்டியலில் மூன்றாவது பெயர்
ஸ்வெர்ரே ட்வெய்ட்னெஸ்.
அவர் இறந்து இரண்டு வருடமானது
பட்டியலுக்குத் தெரியாது.

எழுதாதது:
அதிகாலை மூன்றரைக்கு எடுத்தவர் அவர் மனைவி ஓட்ஹில்ட்.
மன்னிப்புக் கேட்டு வைக்கப்போனேன்.
"நின்றுவிட்டதா?" என்றார்.
"இடப்பக்கம், சிவப்புக் குழாய்க்குப் பின்னால்
சின்னதாய் ஒரு திருகு. காற்று அடைத்திருக்கும்.
சாப்பிட உட்கார்ந்தால் அதைத்தான் திட்டுவார்."

திருகினேன்.
புஸ்ஸென்றது. பிறகு ஓடியது.

எடுத்த நடவடிக்கை:
பட்டியல் புதுப்பிக்கப்பட்டது. ஒரு பெயர் நீக்கப்பட்டது.

நீக்கியது நான்தான்,
அன்று மாலையே, ஒரே பொத்தானில்.

சான்றளிப்பவர் பெயர், கைபேசி எண்:
ஓட்ஹில்ட் என்று தட்டினேன்.
எண்ணைத் தேட வேண்டியிருக்கவில்லை.
அழித்தேன்.
மேலாளர் யோரனைப் போட்டேன்.
பட்டியலில் முதல் பெயர்.
அன்றிரவு எடுக்கவில்லை.