பின்பக்கமாக ஏறிய இரவு

எங்கள் வீதியின் சரிவு நூற்றுக்குப் பதினெட்டு என்று
ட்ரோகன் நகரசபை பலகை நட்டிருக்கிறது.
கார் வாங்கும்வரை அது எனக்கு வெறும் எண்.

கெல்லன்பெர்கரின் முற்றத்தில் மூன்று கார்கள்,
கழுவித் துடைத்து, ஒன்றுமே நடவாததுபோல்.
நேசன் நேரே போனது நீல நிறத்திடம்.
பின்சில்லுத் தள்ளும் கார்.
"இதுதான் கார். மிச்சமெல்லாம் வண்டில்."
"வண்டிலுக்குப் பின்னால ஆராவது மாடு கட்டுவினமோ?"
என்று கேட்டேன்.
மொழி விளங்காத கெல்லன்பெர்கர்
என் பக்கம் சிரித்தார்.

பின் இருக்கையில் ஏறி இருந்து பார்த்தேன்.
நடுவில் ஒரு மேடு,
இயந்திரத்திலிருந்து பின்சில்லுக்கு ஓடும் தண்டுக்காக.
ஆதிரையின் இடம் அது.
மூன்றாவதாகப் பிறந்ததற்குத் தண்டனையாக
காலை இரண்டு பக்கமும் விரித்து வைத்து
அக்காமாரின் சப்பாத்துகளோடு சண்டை பிடிப்பாள்,
ஒவ்வொரு சனியும், சூரிச்வரை.

நாலு சில்லும் இழுக்கும் வெள்ளைக் காரின் விலையை
மூன்று தரம் வாசித்தோம்.
மற்றதைவிட எவ்வளவு கூட என்று கழித்துப் பார்த்தால்
ஆசுப்பத்திரிச் சலவைக்கூடத்தில்
என்னுடைய இரண்டு மாத இரவுகள்.
"நிப்பாட்டேக்க எல்லாக் காருக்கும் நாலு சில்லுத்தான்"
என்று நேசனே அதை விட்டு நகர்ந்தார்.

ஆக, சாம்பல் நிறம். முன்சில்லு.
தட்டையான தரை. பாரமெல்லாம் மூக்கில்.
கையெழுத்து வைக்கும்போதும்
நேசன் நீலத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

தை மாதத்துச் சனி.
சாமத்தியவீடு முடிந்து திரும்புகிறோம்.
பிள்ளைகள் நித்திரை. பலகாரப் பெட்டி என் மடியில்.
உப்பு லொறி இன்னும் வரவில்லை.
பாதிச் சரிவில் முன்சில்லு இரண்டும்
நின்ற இடத்திலேயே சுழன்று அழுதன.
நேசன் ஒன்றும் சொல்லவில்லை.
சொல்லியிருக்கலாம்.

மேட்டில் ஏறும்போது பாரம்
பின்னுக்குச் சாய்கிறது, மூக்கு இலேசாகிறது.
அப்படியென்றால் மூக்கைக் கீழே வைத்தால்?

"இறங்குங்கோ" என்றேன்.
பால்பண்ணை வாசலில் காரைத் திருப்பி
சேலைத் தலைப்பை இடுப்பில் செருகி
ரிவேர்சில் போட்டேன்.
கோட்டும் வேட்டியுமாய் நேசன்
கைபேசி வெளிச்சத்தோடு பின்னால் ஏறினார்.
"வா, வா, இன்னும் வா, இடத்தை, இடத்தை..."
பிடித்தது. மெல்ல, முனகி முனகி,
தள்ளும் காராக மாறி ஏறியது எங்கள் வண்டில்.
வந்த பாதை முழுவதும் விளக்கு வெளிச்சத்தில்
முன்கண்ணாடிக்குள் சிறுத்துக்கொண்டே போனது.

"அம்மா, ஏன் பின்னுக்குப் போறம்?"
மேடில்லாத நடுவிலிருந்து ஆதிரை.
"வீட்டுக்கு. படு."

விடிய, பள்ளத்தைப் பார்த்து நிற்கும் காரைக் கண்டு
பக்கத்து வீட்டு டோப்லர் அம்மா கேட்டார்,
இவ்வளவு வெள்ளென எங்கே பயணம் என்று.
இல்லை, இப்போதுதான் வந்தோம் என்றேன்.

நேசன் தும்புத்தடியோடு பனி தட்ட வந்தார்.
கூரையை விட்டார், கண்ணாடியை விட்டார்.
முதலில் மூக்கைத் துடைத்தார்.