செவ்வாய், வியாழன் மட்டும்

குதாயிசியில் விடாத மழை.
"அனுபவம்?" என்றாள் மக்வாலா,
மாவுக்கடைக்கு மேலே பள்ளி நடத்துபவள்.
இரண்டு வருடம் என்றேன்.
இரண்டு வாரம். அதுவும் பக்கத்து வீட்டுப் பையனுக்கு,
பாதியில் அவனுக்கு அம்மை போட்டது.

வாரம் நாலு மணி நேரம், கைமேல் காசு.
மாணவர் ஒரே ஒருவர்,
பல் மருத்துவர் நோதார்.
'தொலைத்தேன்', 'தொலைத்திருக்கிறேன்':
ஆங்கிலத்தில் இரண்டும் வேறாமே,
எப்படி என்றார்.
சாக்பீஸ் ஒடிந்தது.
அடுத்த வகுப்பில் சொல்கிறேன் என்றேன்.

கிளம்பும்போது மேசைக்கடியில் குடையைத் துழாவியபடி
அவரே சொன்னார்:
முதலாவதில், தேடுவதை நிறுத்தியாயிற்று.

கவரோடு ஒரு பொட்டலம் அக்ரூட்.
ஒருநாள் என் பல்லைப் பார்க்க வேண்டுமாம்,
இடப்பக்கமாகவே மெல்லுகிறேனாம்.
எத்தனை வருட அனுபவம் என்று
நான் கேட்கவில்லை.