பங்குக் கரை

காக்காத்தோப்புத் தெருவில்
பதினோரு நாள் இஸ்திரி போட்டேன்.
கரிப்பெட்டி என் கைக்கு அடங்கவே இல்லை.
மூன்றாம் நாள் ஒரு வக்கீலின் காலரைக் கருக்கிவிட்டு
நூற்றி எண்பது ரூபாய் தண்டம் கட்டினேன்,
சொந்தக் காசு.
பிரிவுக் கணக்கில் காலருக்குத் தலைப்பு கிடையாது.

எதிரே லாட்ஜ். இரண்டாம் மாடி, பதினாலாம் அறை.
ஜன்னலில் நீலத் துண்டு காயும், பிறகு இருக்காது.
எழுதினேன்: 6.40 துண்டு. 9.15 துண்டு இல்லை.

நாலு கடை தள்ளிக் குடைக்குக் கீழே
செல்போனுக்குக் கண்ணாடி ஒட்டுகிற ஒருவன்.
ஒட்டுகிற ஒவ்வொன்றிலும் குமிழி.
திட்டிவிட்டுப் போகிறார்கள். சிரிக்கிறான்.
கண் மட்டும் இரண்டாம் மாடியில்.
அதையும் எழுதினேன்:
தொழில் தெரியாதவர். கூட்டாளியாக இருக்கலாம்.

என் தாள் சென்னைக்குப் போனது.
அவன் தாள் டெல்லிக்குப் போயிருக்கிறது:
இஸ்திரிப் பெண், வயது சுமார் முப்பத்தைந்து,
இடது மணிக்கட்டில் புதிய தீக்காயம்,
துணியைப் பார்ப்பதே இல்லை.
கூட்டாளியாக இருக்கலாம்.

இப்படி ஒரு வாரம்
சர்க்கார் சர்க்காரை வேவு பார்த்தது.

லாட்ஜ் பையன் முத்திருளாண்டிதான்
ஒரு பெட்ஷீட் மூட்டையை இறக்கிவிட்டுச் சொன்னான்:
"பதினாலு எத்தன மணிக்கு வந்தாருன்னு
அந்தக் கண்ணாடிக்காரரும் கேக்குறாரு, நீங்களும் கேக்குறீங்க.
ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் கேட்டுக்கிட்டா
நான் பக்கெட்டத் தூக்குவேன்ல."

யாருடையதோ ஒரு சட்டையை மடித்து எடுத்துக்கொண்டு
தெருவைக் கடந்தேன். பன்னிரண்டு எட்டு.
அனுமதி வாங்கவில்லை. அவனும்தான்.

பெயர் சசீந்திரன். ஒற்றப்பாலம்.
ஒட்டுக்கேட்ட பேச்சை
டெல்லி மொழிபெயர்த்து அனுப்பிய தாள் அவன் பையில்:
"மூல நோய்க்காரருக்குப் புட்டு.
உணவு தொடர்பானது. முக்கியமில்லை."
வாசித்துவிட்டுச் சிரித்தான்.
எங்கள் ஊரில் கடலைக்கறியோடு தின்போம் என்றான்.

தமிழில் என்னதான் சொன்னான், போடுங்கள் என்றேன்.
காதில் வைத்தான்.
இரைச்சலுக்குள் ஒரு இளம் குரல், ஜலதோஷம் பிடித்த குரல்:
மூலத்தன்னைக்கு. புட்டுல.

கரி அணைந்துவிட்டதா என்றுகூடப் பார்க்கவில்லை.
நாளைக்கு ஆவணி மூலம்.
ஆரப்பாளையத்தில் புட்டுத் திருவிழா.
சாமி மண் சுமக்கிறதைப் பார்க்க
தோளில் பிள்ளைகளோடு வருகிற கூட்டம்.

அன்று ராத்திரி ஒரே அறையில்
மாநகரம், ரயில்வே, மத்தியம், வெடிகுண்டுப் பிரிவு.
நாலு வயர்லெஸ், நாலு அலைவரிசை,
ஒன்றின் பேச்சு ஒன்றுக்கு எட்டாது.
நாலையும் மேஜையில் வரிசையாக வைத்து
இதில் கேட்டதை அதில், அதில் கேட்டதை இதில்
விடிய விடியச் சொல்லிக்கொண்டிருந்தார் ஏட்டு சங்கையா.
மூன்று மணிக்கு அவருக்குத் தொண்டை போய்விட்டது.
பிறகு எழுதிக் காட்டினார், நான் சொன்னேன்.

மூன்று ஐம்பது. இளநீர் வண்டிக்கு அடியில் பை.
முகர்ந்த நாய் ரயில்வேயுடையது.
வயரை வெட்டியவர் திருச்சியிலிருந்து வந்தவர்.
ஓடியவனை மடக்கியது மாநகரம்.
நீலத் துண்டு அவன் கழுத்தில் இருந்தது.
இருபத்திரண்டு வயது. தண்ணீர் கேட்டான்.

காலையில் சாமி வந்தார்.
வேலை தெரியாத கூலியாள் வேஷம்.
எனக்கு அவரைப் பார்க்கக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது.
ஆளுக்கு இத்தனை முழம் என்று
கரையை அளந்து பிரித்துக்கொடுத்த ஊர் இது.
வெள்ளம் முழம் பார்த்தா வந்தது?
பிரம்பு ஓங்கியபோது
சசீந்திரன் முதுகை நெளித்தான். நானும்.

மறுநாள் மூன்று அறிக்கைகள்.
மூன்றிலும் "எங்கள் பிரிவின் இடைவிடாத கண்காணிப்பால்".
ஒன்றில்கூட முத்திருளாண்டி இல்லை.
பதினாலாம் அறையின் நாலு நாள் வாடகையை
யாரிடம் கேட்பது என்று
முதலாளி அவனைத்தான் திட்டிக்கொண்டிருந்தார்.

ரயிலேறுவதற்கு முன்னால் சசீந்திரன்
என் போனுக்கு ஒரு கண்ணாடி ஒட்டிக் கொடுத்தான்.
ஐந்துக்கு மேலே ஒரு குமிழி.
அழுத்தினால் ஆறுக்கு நகர்கிறது.
போகிறதில்லை.