நண்டு பொறித்த அட்டை

பனகல் சாலை. இரவு ஒன்று நாற்பது.
ஸ்கேன் சென்டரின் மாடிப்படிக்குக் கீழே
செருப்பு ஸ்டாண்டுக்கும் இன்வெர்ட்டருக்கும் நடுவில்
குத்தவைத்திருக்கிறேன், மடியில் கீபோர்டு.
எதிரே ஏதோ வங்கி ஏலம் விட்ட பழைய கம்ப்யூட்டர்.
சொத்து எண் ஸ்டிக்கர்கூட இன்னும் உரியவில்லை.
இரண்டு வருஷமாக இந்தக் கட்டடத்துக்கு
இதுதான் ரவுட்டர்.
மென்பொருளுக்குக் காசில்லை; மூலநிரல் திறந்தது.
"ஓசியா?" என்று முதலாளி கேட்டார்.
"எல்லாருக்கும் பொது சார்."
"அதத்தான கேட்டேன்."

புதுப் பதிப்பு ஏற்றினேன். அவ்வளவுதான் செய்தது.
அணைந்து எழுந்த பெட்டி
ஒரு நெட்வொர்க் அட்டையைக் காணோம் என்கிறது.

காணோமா?
கண் முன்னால் இருக்கிறது, தொட்டால் சுடுகிறது,
கேபிள் சொருகிய துளையில் பச்சை விளக்கு மினுக்குகிறது.
உள்ளே ஆள் இருமும் சத்தம் கேட்க
'அப்படி யாரும் இங்க இல்லீங்களே' என்று
கதவிடுக்கில் சொல்கிற மாதிரி.

டார்ச் அடித்தேன்.
கறுப்புச் சில்லின் முதுகில் பொடிசாய் ஒரு நண்டு.
டவுன்ஹால் ரோட்டுச் சந்தில் அபுதாகிர் கொடுத்தது,
முந்நூற்றைம்பது ரூபாய்.
"எதுல போட்டாலும் ஓடும்க்கா."

மாடியிலிருந்து பெனடிக்டா குனிகிறாள்:
"திருமங்கலம் பைக் கேஸ்க்கா, தலை சிடி.
படம் போக மாட்டேங்குது."
நானூற்றுப் பன்னிரண்டு படங்கள்.
பார்த்துச் சொல்லவேண்டிய டாக்டர்
கே.கே. நகரில் விழித்திருக்கிறார்.
நடுவே இரண்டு கிலோமீட்டர், ஒரு நண்டு.

என் போனை எடுத்து யூஎஸ்பியில் சொருகினேன்.
அதை மட்டும் உடனே தெரிந்துவிட்டது பெட்டிக்கு,
மாமன் மகனைப் பார்த்த மாதிரி.
படங்கள் ஊர்ந்தன. டேட்டா தீரப்போகிறது என்று
குறுஞ்செய்தி வந்தது, இன்னொன்றும் வந்தது.
இரண்டு இருபதுக்கு எல்லாம் போய்ச் சேர்ந்தது.

இனி இயக்கி.
டிரைவருக்குத் தமிழில் அப்படித்தான் பெயர்.
வள்ளியூர்ப் பக்கம் இயக்கி என்றால் சாமி,
பலி தவறினால் உலுக்கி எடுப்பாள்.
பெயர் வைத்தவருக்கு இது தெரியுமோ என்னவோ.

நிரலைத் திறந்தால் ஒரு பட்டியல்:
எந்தெந்த அட்டையைத் தெரியும் என்று வரிசையாக எண்கள்.
என் அட்டையின் எண் இருந்த இடத்தில்
ஒரு வரி கழன்றிருக்கிறது.
கவனிக்க ஆளில்லை, எடுத்துவிட்டோம் என்று குறிப்பு.
வாக்காளர் பட்டியலில் பெயர் விட்டுப்போனவர்
வாக்குச்சாவடி வாசலில்
விரலை நீட்டிக்கொண்டு நிற்பாரே,
அந்த நிலைமைதான் நண்டுக்கு.

கொஞ்சம் கீழே
யாரோ ஒருவர் பத்து வருஷத்துக்கு முன் எழுதியிருக்கிறார்:
'இந்தச் சில்லுக்கு ஆவணம் கேட்டேன், தரவில்லை.
இந்த எண்ணைப் போட்டால் வேலை செய்கிறது.
ஏன் என்று தெரியாது. தொடாதீர்கள்.'

எந்த நாட்டுக்காரரோ. அவருக்கும்
அப்போது மணி இரண்டரை இருந்திருக்கும்.

வரியைத் திரும்பச் சேர்த்தேன்.
தொகுக்கிற நேரத்தில் வெளியே போய் டீ குடித்தேன்.
கோரிப்பாளையம் சிக்னல் யாருமில்லாமல்
சிவப்புக்கும் பச்சைக்கும் மாறிக்கொண்டிருந்தது.

வந்து ஏற்றினேன். வந்தது. பெயர் சொன்னது.
பதினோரு நிமிஷத்தில் விழுந்தது.
திட்டினேன், நண்டை இல்லை, அபுதாகிரை.
மின்சாரம் மிச்சம் பிடிக்கிறேன் என்று
அதுவாகவே கண் அசருகிறது போல.
அந்த வசதியை அணைத்தேன்.
அப்புறம் விழவில்லை.

நாலரைக்குப் பெனடிக்டாவின் போன் அடித்தது.
டாக்டர் என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை.
பொட்டலத்தைப் பிரிப்பது என் வேலையில்லை.
அவள் படியிறங்கி
வெளியே பெஞ்சில் இருந்தவர்களிடம் போனாள்.
நடையை வைத்து ஒன்றும் கணிக்க முடியவில்லை.

கிளம்புமுன் என் வரிக்குக் கீழே
தமிழிலேயே ஒரு குறிப்பு வைத்தேன்:
'மதுரையில் ஓடுகிறது.
ஏன் என்று எனக்கும் தெரியாது.
தொடாதீர்கள்.'