ஏக்கநோய்

முதலில் காட்டிக்கொடுத்தது கால்.
ஸ்டோர்னோவே துறைமுகப் படிகளில்
தபால் பையோடு இறங்கும்போது
கடைசிப் படி
இருந்த இடத்தில் இல்லை.
பாதத்துக்குள் எறும்புகள்
குடிமாறிக்கொண்டிருந்தன.

முர்டினா நர்ஸ் ரத்தம் எடுத்தாள்.
மூன்றாம் நாள் தொலைபேசி:
"பன்னிரண்டு காலி, கெனினா."
ஒரு நொடி
பேருந்தைச் சொல்கிறாளென்று நினைத்தேன்.

கறி, மீன், முட்டை, பால்,
பக்கத்து வீட்டுத் தேன்கூட வேண்டாமென்று
நான் பந்தியிலிருந்து எழுந்து ஆறு வருடம்.
என் கல்லீரல் மட்டும்
என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல்
பழைய ஆட்டுக்கறியைப் பெட்டகத்தில் பூட்டி
காசு காசாகச் செலவழித்திருக்கிறது.
கொள்கை என்று நான் நிமிர்ந்து நடந்ததில் பாதி
பழைய சேமிப்பு.

"கடற்பாசி தின்கிறேனே?"
"அதிலிருப்பதில் பெரும்பாலும் வேஷக்காரன்.
பூட்டுக்குள் நுழைவான், திறக்கமாட்டான்."
"பயறு? கீரை?"
"நல்லது. சாப்பிட்ட கையோடு டீயா?"
இந்தத் தீவில் வேறு எப்படிச் சாப்பிடுவது?
"இரும்பை டீ வழிமறிக்கும்.
ஒரு மணி நேரம் பொறு. ஆரஞ்சு ஒன்று உரி."
பேசிக்கொண்டே குத்தினாள்.
ஊசிக்குள் மருந்து
பீட்ரூட் கழுவிய தண்ணீர் நிறம்.

அண்ணன் டார்க்விலுக்குச் சிரிப்பு.
"புட்டியைத் திறந்தால்தான் ஓடும் உடம்பு
என்ன உடம்பு?
என் செம்மறியைப் பார்,
புல், மழை, அவ்வளவுதான்,
மலை மாதிரி நிற்கிறது."
பதில் இருந்தது.
எறும்பு கடித்ததில் மறந்துபோயிற்று.

ஆகஸ்டில் அவனுக்கு ஆள் போதவில்லை.
போனேன்.
கொள்கைக்கும் கூடப்பிறந்ததற்கும் நடுவே
ஒரு முள்கம்பி வேலி;
எங்கேயோ ஒரு படலும் இருக்கத்தான் செய்கிறது.
நான் குட்டியின் தாடையைப் பிடிக்க
அவன் குழாயை வாயோரம் செருகி
அழுத்தினான்.
இளஞ்சிவப்பாய் ஒரு மடக்கு.
அடுத்தது. அடுத்தது.
முப்பதாவது குட்டியில் கேட்டேன்:
என்ன இது?

"கோபால்ட். இந்தக் கடல்மணலில் போதாது."

போதாவிட்டால்?

"ஏக்கம் பிடித்துவிடும்.
முட்டளவு புல்லில் நின்றபடியே
கண்ணில் நீர் வடிய
இளைத்து இளைத்துச் சாகும்."

அடைமொழியில்லை, உவமையில்லை.
அந்த நோய்க்கு இங்கே பெயரே அதுதான்,
ஏக்கம்.

வயிற்றுக்குள் போய் அது என்ன செய்யும், டார்க்வில்?

"கிருமிகள் இருக்கின்றன.
ஆடு சமைப்பதில்லை, அவைதான் சமைக்கின்றன.
இதைக் கொடுத்தால் ஏதோ வைட்டமின்…"

நிறுத்தினான்.

எண்ணைச் சொல், என்றேன்.

குழாயைத் துடைத்தான்.
சுத்தமாக இருந்ததை
இன்னொரு முறை துடைத்தான்.
"பன்னிரண்டு."

குட்டி என் கையிலிருந்து துள்ளி ஓடியது.
இருவரும் அது போவதையே பார்த்தோம்.

அக்டோபரில் லாரி வந்தது.
அன்று நான்
மேற்குப் பக்கத் தபாலை முதலில் கொடுத்தேன்.
அந்தத் தாடைகளின் சூடு
உள்ளங்கையில் இருந்தது,
அதற்கு மாத்திரை கிடையாது.

இப்போது டிசம்பர்.
ஒன்பது மணிக்குக் கடை திறந்து
மூன்றரைக்கு அடைத்துவிடும் வெயில்.
அதற்கும் ஒரு புட்டி வைத்திருக்கிறேன்:
கல்பாசியிலிருந்து பிழிந்த சொட்டு,
நாக்கில் ஒன்று.
பாறையில் ஒட்டிக்கிடந்து யாரோ குடித்த வெயிலை
இருட்டில் நான் கடன் வாங்குகிறேன்.
மாத்திரைப் புட்டி
உப்பு ஜாடிக்குப் பக்கத்தில்.
ஒளித்துவைத்த காலம் ஒன்று இருந்தது.

ஞாயிறு காலை
தேவாலயத்துக்குக் கிளம்புமுன் அண்ணன் கூப்பிடுகிறான்.
வணக்கமில்லை, நலமா இல்லை.
"ஊற்றியாச்சா?"
குட்டிகளைக் கேட்கும் அதே சொல்.

ஆச்சு, என்கிறேன்.

எறும்புகள் அநேகமாய்ப் போய்விட்டன.
இடது சுண்டுவிரலில் ஒன்று மட்டும்
வாடகை தராமல்
இன்னும் இருக்கிறது.